ஜெர்மனியில் ஓ-பேர்: சனி, ஞாயிறு யாருக்குச் சொந்தம்?

வெளிநாட்டுக் குடும்பம் ஒன்றோடு தங்கி, அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, அந்த நாட்டு மொழியையும் படிக்கும் ‘ஓ-பேர்’ ஏற்பாடு பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்பவர் திண்டுக்கல்காரர். தென்மேற்கு ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் ஓ-பேராக இருந்தார். இப்போது அதே ஊரில் கிண்டர்கார்டன் ஆசிரியைக்கான தொழிற்பயிற்சியில் இருக்கிறார்.

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். “ஓ-பேர் என்பது வீட்டு வேலைக்காரிக்கு வைத்த ஸ்டைலான பெயர்” என்கிறார் என் அண்ணன். அப்படியா? சம்பளம் எவ்வளவு கிடைக்கும்? (வாசகி, திருப்பூர்)

அண்ணன் சந்தேகப்படுவதில் தப்பில்லை. அப்படி நடத்துகிற வீடுகளும் இருக்கின்றன. ஆனால் விதி வேறு. வாரத்துக்கு அதிகபட்சம் 30 மணி நேரம், ஒரு நாளில் 6 மணி நேரத்துக்கு மேல் கூடாது. பிள்ளைகளைப் பார்ப்பது, அதை ஒட்டிய சின்னச் சின்ன வேலைகள், அவ்வளவுதான். டிபன் டப்பா கட்டுவது, கிண்டர்கார்டனில் விட்டுக் கூட்டி வருவது, பாத்திரம் கழுவும் மெஷினைக் காலி செய்வது, பிள்ளைகள் துணியை மடிப்பது. வீட்டு ஜன்னல் எல்லாவற்றையும் துடைப்பது, படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியைப் பார்த்துக்கொள்வது இதெல்லாம் கணக்கில் வராது.

கையில் மாதம் 280 யூரோ. தனி அறை, சாப்பாடு, காப்பீடு அவர்கள் பொறுப்பு. மொழி வகுப்புக்கென்று மாதம் 70 யூரோ அவர்கள் தர வேண்டும். விமான டிக்கெட் பெரும்பாலும் நம் காசு. யூரோ நூறு ரூபாயை ஒட்டி நிற்பதால் 28,000 ரூபாய் என்று மனதுக்குள் கணக்கு ஓடும். வீட்டுக்கு அனுப்பலாம், கல்விக் கடனை அடைக்கலாம் என்ற நினைப்போடு மட்டும் வராதீர்கள், தங்கச்சி. அது கைச்செலவுக் காசு. இங்கே ஒரு காபியும் ஒரு துண்டு கேக்கும் சாப்பிட்டால் அதன் எடை தெரிந்துவிடும்.

விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது 18 வயது முடிந்திருக்க வேண்டும், 27 ஆகியிருக்கக் கூடாது. ஜெர்மன் மொழியில் ஏ1 என்ற ஆரம்ப நிலை தெரிந்திருக்க வேண்டும். சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் படித்துத் தேர்வு எழுதலாம், கோவையில் கோத்தே சென்ட்ரம் இருக்கிறது. குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஒரு வருடம். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் ஜெர்மனியில் ஓ-பேராக இருக்க முடியும். அதனால் வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அவசரப்படாதீர்கள்.

என் நாள் எப்படிப் போகும் என்றால், காலை ஆறரைக்கு எழுந்து இரண்டு டிபன் டப்பா. ரொட்டி, சீஸ், வெள்ளரித் துண்டு, ஆப்பிள் துண்டு. நம் ஊரில் இதை யாராவது சாப்பாடு என்று கட்டிக் கொடுத்தால் பிள்ளை அழும். எட்டரைக்குள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு, ஒன்பது மணிக்கு மொழி வகுப்பு. மதியம் இரண்டு மணிக்கு அவர்களைக் கூட்டி வந்தால் மாலை ஆறு வரைக்கும் என் பொறுப்பு. ஏழரைக்குப் பிள்ளைகள் தூங்கப் போய்விடுவார்கள். எவ்வளவு முரண்டு பிடித்தாலும் ஏழரை என்றால் ஏழரைதான்.

கேள்வி: ஆண்களும் போகலாமா? (வாசகர், நாகர்கோவில்)

தாராளமாக, தம்பி. விதிகள் எல்லாம் ஒன்றுதான். பெண்தான் வேண்டும் என்று கேட்கும் குடும்பங்கள் அதிகம், அதனால் வீடு அமைய உங்களுக்குக் கொஞ்சம் நாளாகும். இரண்டு மூன்று ஆண் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் பையன்களை விரும்பிக் கேட்பதையும் பார்த்திருக்கிறேன். கால்பந்து ஆடத் தெரியும் என்று சுயவிவரத்தில் எழுதுங்கள்.

கேள்வி: என் மகள் ஆசைப்படுகிறாள். முன்பின் தெரியாத வீட்டில் வயதுப் பெண்ணை விட எனக்கு மனசு வரவில்லை. நல்ல வீடு என்று எதை வைத்து நம்புவது? ஏஜென்ட் ஒருவர் இரண்டு லட்சம் கேட்கிறார். (ஒரு தாய், கும்பகோணம்)

அம்மா, முதலில் அந்த ஏஜென்ட்டை விடுங்கள். ஜெர்மனியில் இருக்கும் ஏஜென்சி ஒரு ஓ-பேரிடம் அதிகபட்சம் 150 யூரோதான் வாங்கலாம். ஏஜென்சியே இல்லாமல் குடும்பத்தோடு நேரடியாகப் பேசி வருபவர்களும் உண்டு. ஏஜென்சி மூலம்தான் போக வேண்டும் என்றால் ஆர்.ஏ.எல். தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு எச்சரிக்கை: “விசா செலவுக்கு முன்பணம் அனுப்பு, வந்ததும் திருப்பித் தருகிறோம்” என்று மின்னஞ்சல் எழுதும் குடும்பம் குடும்பமே இல்லை. பணம் போகும், ஆளும் காணாமல் போவார்கள். உண்மையான வீட்டில் உங்கள் மகளிடம் பணமே கேட்க மாட்டார்கள்.

மகளை வீடியோ காலில் பேசச் சொல்லுங்கள். ஒரு தடவை போதாது. ஒரு நாள் பெற்றோர் இருவரும் இருக்கும்போது, ஒரு நாள் பிள்ளைகள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது. அவள் தங்கப்போகும் அறையைக் காட்டச் சொல்லிக் கேட்கட்டும். அந்த அறைக்குக் கதவும் பூட்டும் ஜன்னலும் இருக்க வேண்டும், எட்டுச் சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. முன்பு அங்கே இருந்த ஓ-பேரின் நம்பரை வாங்கி, அவளிடம் தனியாகப் பேசட்டும். நான் அப்படிப் பேசியபோது அந்த மடகாஸ்கர் பெண் சொன்ன முதல் விஷயம், “அம்மாக்காரி சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள்” என்பது. அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. வந்து வேலையைத் தொடங்கிய முதல் வாரத்திலேயே அதன் அருமை புரிந்தது. ஆறு மணிக்கு முடிய வேண்டிய வேலை எட்டு வரை இழுக்கிற வீடுகளில் ஓ-பேர் வாழ்க்கையே வேறு மாதிரி.

ஒப்பந்தம் கையெழுத்தானதும் ஒரு நகல் உங்களிடமும் இருக்கட்டும். வந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அதைக் குடும்பம் செய்து கொடுக்கும். பாஸ்போர்ட் எப்போதும் அவள் கையில்தான் இருக்க வேண்டும். “பத்திரமாக வைக்கிறோம், கொடு” என்று யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

சரிப்பட்டு வரவில்லை என்றால்? வீடு மாறலாம். என் வகுப்பில் இருந்த ஒரு ஜார்ஜியா நாட்டுப் பெண்ணுக்கு அமைந்த வீட்டில் மூன்று பிள்ளைகள், போதாததற்குத் தோட்ட வேலை வேறு. சனிக்கிழமை கூட விடுப்பு கிடையாது. அவள் இரண்டு வார நோட்டீஸ் கொடுத்துவிட்டு வேறு குடும்பம் தேடிப் போய்விட்டாள். வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும், மற்றபடி அதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஏற்கெனவே ஜெர்மனிக்குள் இருக்கிற, மொழி பேசத் தெரிந்த ஓ-பேர் என்றால் குடும்பங்கள் போட்டி போட்டுக்கொண்டு கூப்பிடும். இன்னும் மோசமான நிலைமை என்றால் போலீசுக்கு 110. பெண்களுக்கு எதிரான வன்முறைக்கென்று 116 016 என்ற இலவச எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. இந்த இரண்டு எண்களையும் அவள் போனில் ஊரிலேயே பதிந்து அனுப்புங்கள்.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் ஓ-பேர் பெண்கள் இந்த வாரம் பாரிஸ், அடுத்த வாரம் ரோம் என்று படம் போடுகிறார்கள். 280 யூரோவில் அது எப்படி முடிகிறது? (வாசகி, மதுரை)

எல்லா வாரமும் முடியாது. அந்தப் படங்களில் பாதி ஒரே பயணத்தில் எடுத்து, பிரித்துப் பிரித்துப் போட்டவை. ஆனால் நிறையவே பார்க்கலாம். காசு இரண்டாவது பிரச்சினைதான். முதல் பிரச்சினை நாள்.

விதிப்படி வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறை. அது சனி, ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை! மாதத்தில் ஒரு ஞாயிறாவது முழுதாகக் கிடைக்க வேண்டும், அதுதான் உறுதி. உங்களுக்குச் செவ்வாய் மதியமும் வியாழக்கிழமையும் விடுப்பு கொடுத்தாலும் அவர்கள் சட்டத்தை மீறவில்லை. அப்படி ஒன்றரை நாளை உடைத்துக் கொடுத்தால் பக்கத்து ஊரைக்கூடப் பார்க்க முடியாது. அதனால் ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள்: எந்தெந்த நாள்? வெள்ளி இரவு குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வீர்களா? அது அந்த 30 மணி நேரத்துக்குள் வருமா? (வர வேண்டும்.)

ஜெர்மன் வீடுகளில் சமையலறைச் சுவரில் ஒரு நீளக் காலண்டர் தொங்கும். அப்பாவுக்கு ஒரு பத்தி, அம்மாவுக்கு ஒரு பத்தி, பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று. நான் போன அன்று ஐந்தாவது பத்தியில் என் பெயரை எழுதி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து நெகிழ்ந்துபோனது உண்மை, ஆனால் அதைவிட முக்கியம் அதைப் பயன்படுத்தியது. ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்திலேயே என் பத்தியில் போகும் ஊரின் பெயரைப் பேனாவால் எழுதிவிடுவேன். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். காலண்டரில் இருந்தால் அந்தச் சனிக்கிழமை அவர்கள் யார் வீட்டு விருந்துக்கும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நம் ஊரில் “நான் இந்த ஞாயிறு இருக்க மாட்டேன்” என்று பெரியவர்களிடம் முகத்துக்கு நேரே சொல்லத் தயங்குவோம். இங்கே சொல்லாமல் இருந்தால்தான் தப்பாக நினைப்பார்கள்.

வருடத்துக்கு நான்கு வாரம் விடுமுறையும் உண்டு. அதில் ஒரு பொறி இருக்கிறது. குடும்பம் பனிச்சறுக்குக்குப் போகும்போது உங்களையும் கூட்டிப் போவார்கள். அங்கே நீங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் அது வேலை நாள், உங்கள் விடுமுறையில் கழிக்கக் கூடாது. போவதற்கு முன்பே சிரித்த முகத்தோடு கேட்டுவிடுங்கள்.

இப்போது காசுக்கு வருவோம். டாய்ச்லாண்ட் டிக்கெட் என்று ஒன்று இருக்கிறது. 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2025-ல் 58 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 63. மாதம் முழுக்க நாட்டின் எல்லா ஊர்ப் பேருந்து, டிராம், மெட்ரோ, பாசஞ்சர் ரயில்களிலும் ஏறலாம். ஐ.சி.இ. போன்ற விரைவு ரயில்களில் மட்டும் செல்லாது. பல குடும்பங்கள் இதை எடுத்துக் கொடுக்கின்றன, எனக்கும் கொடுத்தார்கள். பேசும்போதே கேட்டுவிடுங்கள். இது சந்தா, தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். நிறுத்துவதாக இருந்தால் அந்த மாதம் 10-ம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். டிக்கெட் இல்லாமல் மாட்டினால் 60 யூரோ அபராதம்.

பாரிஸை விடுங்கள், இந்த டிக்கெட்டில் பிரான்ஸை எட்டிப் பார்க்கும் வழி சொல்கிறேன். ஃப்ரைபுர்க்கிலிருந்து பாசஞ்சர் ரயிலில் ஓஃபன்புர்க், அங்கே மாறி எல்லையோரத்து கேல். கேல் ஸ்டேஷன் வாசலில் டி என்ற டிராம் நிற்கும். அதற்கு மட்டும் தனி டிக்கெட். 2017-ல்தான் இந்தத் தடத்தை ரைன் நதியைத் தாண்டி இங்கே நீட்டினார்கள். பாலத்தில் ஏறி இறங்கினால் ஸ்ட்ராஸ்பூர்க். நாடு மாறியதே தெரியாது, கடைப் பலகைகளைப் பார்த்துத்தான் புரியும். அங்கே இருக்கும் பேராலயத்தின் கோபுரம் 142 மீட்டர். 1647-லிருந்து 1874 வரை உலகத்திலேயே உயரமான கட்டடம் அதுதான். உள்ளே ஒரு வானியல் கடிகாரம். பகல் 12.30-க்கு இயேசுவின் சீடர்கள் பொம்மைகளாக வரிசையில் நடந்து வருவார்கள், சேவல் கூவும். சனிக்கிழமை போனால் பார்க்கலாம், ஞாயிறு காலை வழிபாட்டு நேரம். டிசம்பரில் மட்டும் போகாதீர்கள். 1570-லிருந்து நடக்கும் கிறிஸ்துமஸ் சந்தை, பெயர் பெற்றதுதான். ஆனால் நமக்குத் தெரியாத கூட்டமா? தி.நகரில் தீபாவளிக்கு முந்தின ஞாயிறு நின்றவர்களுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

இன்னொரு பக்கம் சுவிட்சர்லாந்து. பாசெல் நகரில் இருக்கும் பாடிஷர் ஸ்டேஷன் வரைக்கும் இதே டிக்கெட் செல்லும். அந்த ஸ்டேஷன் சுவிஸ் மண்ணில் இருக்கிறது, நடத்துவது ஜெர்மன் ரயில்வே. இறங்கி நடந்தால் ரைன் நதி. கோடையில் ஆபீஸ் முடித்து வருகிறவர்கள் சட்டை, செருப்பு, போன் எல்லாவற்றையும் மீன் வடிவத் தண்ணீர் புகாத பையில் சுருட்டி, அதைக் கட்டிக்கொண்டு ஆற்றோடு மிதந்து போவார்கள். நீச்சல் தெரியாதவர்கள், என்னைப் போல, படகில் போகலாம். அக்கரைக்குப் போகும் அந்தப் படகுகளுக்கு மோட்டார் கிடையாது. மேலே கட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆற்றின் இழுப்பிலேயே சத்தமில்லாமல் போகும். சாப்பாடு மட்டும் கட்டிக்கொண்டு போங்கள். சுவிஸ் ஓட்டல் விலையைப் பார்த்தால் பசி அடங்கிவிடும். எல்லை தாண்டும்போது போனில் டேட்டாவை அணைத்துவிடுங்கள். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஜெர்மன் சிம் அங்கே தனிக் கட்டணம் போடக்கூடும். ஆனால் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது, அதனால் தனி விசா வேண்டாம். ஜெர்மன் விசாவோ வசிப்பு அட்டையோ இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை சுற்றலாம். லண்டனும் டப்ளினும் இதில் சேராது. பாஸ்போர்ட்டும் அட்டையும் கையில் இருக்கட்டும், எல்லை ரயில்களில் போலீஸ் ஏறிக் கேட்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடை எல்லாம் மூடியிருக்கும். காலையில் பேக்கரியும், பெரிய ஸ்டேஷன்களில் சில கடைகளும்தான். சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். அப்புறம், ரயில் தாமதம். ஜெர்மன்காரர்கள் நேரம் தவறாதவர்கள் என்று நம் ஊரில் சொல்வார்கள். அவர்கள் ரயிலில் போகாதவர்கள்தான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். திங்கள் காலை ஆறரைக்கு டிபன் டப்பா கட்ட வேண்டியவள், ஞாயிறு இரவு கடைசி ரயிலை நம்பக் கூடாது. அதற்கு முந்தின ரயிலைப் பிடியுங்கள்.

கேள்வி: ஓய்வு நேரத்தில் ஓட்டலில் பகுதி நேர வேலை பார்க்கலாமா? (வாசகர், சேலம்)

கூடாது. ஓ-பேர் விசாவில் வேறு வேலைக்கு அனுமதி இல்லை. “கையில் காசு தருகிறோம், யாருக்கும் தெரியாது” என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். விசா போனால் அவர்கள் வரமாட்டார்கள்.

கேள்வி: வெள்ளைக்காரக் குழந்தைகள் சொன்ன பேச்சைக் கேட்குமா? அடிக்காமல் எப்படிச் சமாளித்தீர்கள்? (வாசகி, விருதுநகர்)

அடித்தால் அது குற்றம். 2000-ம் ஆண்டிலிருந்து, வன்முறையில்லாமல் வளர்வது குழந்தையின் உரிமை என்று இங்கே சட்டமே இருக்கிறது. பெற்றவர்களும் அடிக்கக் கூடாது. மிரட்டுவது, “பூச்சாண்டி வருவான்” என்பதும் இங்கே எடுபடாது. என்னிடம் இருந்த பெரியவனுக்கு ஆறு வயது, “பூச்சாண்டியின் முகவரி என்ன?” என்று கேட்கிற ரகம்.

குழந்தைகள் சொன்னதைக் கேட்பார்கள், காரணம் சொன்னால். “தொப்பி போடு” என்றால் போட மாட்டான். “வெளியே மைனஸ் மூன்று, போடாவிட்டால் காது வலிக்கும், சிவப்பா நீலமா?” என்றால் நீலம் என்பான். இதற்கு நேரம் பிடிக்கும். காலையில் இருபது நிமிடம் முன்னதாகவே கிளம்பத் தொடங்க வேண்டும்.

சின்னவள் போனது காட்டுக் கிண்டர்கார்டன். கட்டடமே கிடையாது, காட்டுக்குள் ஒரு மர வண்டி மட்டும். மழையோ பனியோ, பிள்ளைகள் நாள் முழுக்க வெளியில்தான். நாலு வயதுப் பிள்ளை கையில் நிஜக் கத்தியைக் கொடுத்துக் குச்சி சீவச் சொல்கிறார்கள். முதல் தடவை பார்த்தபோது என் உயிர் போய்விட்டது. உட்கார்ந்துதான் சீவ வேண்டும், கத்தி உடம்பை விட்டு வெளிப்பக்கம்தான் போக வேண்டும் என்று அவளே எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். மதியம் அவளைக் கூட்டி வரும்போது சேற்றுக் கால்சட்டையோடு அப்படியே குளியலறைக்குத் தூக்கிப் போக வேண்டும். நான் இன்று குழந்தைகளோடு வேலை செய்யப் படிக்கிறேன் என்றால் அந்தக் காட்டில் பார்த்ததுதான் காரணம்.

கேள்வி: நீங்கள் போனதிலேயே மிகவும் பிடித்த இடம்? (வாசகி, தஞ்சாவூர்)

எல்லாரும் டிட்டிசே ஏரியைச் சொல்வார்கள். அழகுதான், ஆனால் கரை முழுக்கக் குயில் கடிகாரக் கடை, செல்ஃபி கூட்டம். நான் அதே ரயிலில் ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே, ஹிண்டர்ட்ஸார்ட்டனில் இறங்கி, ராவென்னா ஓடையோரமாகப் பள்ளத்தாக்கில் நடப்பேன். அந்த ரயில் ஓடுவது 1887-ல் திறந்த மலைப் பாதையில். பள்ளத்தாக்குக்குக் குறுக்கே கல் பாலம், அதன்மேல் ரயில் போகும். 1770-ல் பிரான்ஸுக்கு மருமகளாகப் போன மரி அன்டோனெட் இந்த ஓடை போய்ச் சேரும் ஹொல்லென்டால் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போனாளாம். பதினாலு வயது. மொழி சரியாகத் தெரியாத ஊருக்கு என்னைவிடச் சின்னப் பெண்ணாகப் போயிருக்கிறாளே என்று அவள்மேல் ஒரு கரிசனம் எனக்கு.

ஆனால் ஒன்றே ஒன்று என்றால் ஷவின்ஸ்லாண்ட். ஃப்ரைபுர்க்கின் சொந்த மலை, 1,284 மீட்டர். டிராமில் குந்தர்ஸ்டால், அங்கிருந்து பேருந்து, பிறகு 1930-லிருந்து ஓடும் கேபிள் கார். நவம்பரில் கீழே ஊர் நாள் கணக்கில் மூடுபனியில் கிடக்கும். மத்தியானமே விளக்குப் போட வேண்டும், மனசும் அப்படியே ஆகிவிடும். அந்த நாளில் மேலே போனால் பாதி வழியில் கார் பனியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். நல்ல வெயில்! கீழே வெள்ளையாக மேகம், தெற்கே சுவிஸ் ஆல்ப்ஸ் வரிசை. குளிர்காலத்தில் ஊர் நினைப்பு வந்து அழத் தோன்றுகிற ஓ-பேர் யாராக இருந்தாலும் நான் சொல்லும் மருந்து இதுதான். வானிலைச் செயலியில் “கீழே மூடுபனி, மேலே வெயில்” என்று போட்டிருக்கிறதா பாருங்கள், அன்றைக்கே கிளம்புங்கள்.

கேள்வி: இலங்கையிலிருந்தும் ஓ-பேராகப் போகலாமோ? அங்கே தமிழ் ஆக்களைச் சந்தித்தீங்களா? (வாசகி, யாழ்ப்பாணம்)

போகலாம், அதே விதிகள்தான். வீட்டில் ஜெர்மன் பேசுகிற குடும்பமாக இருக்க வேண்டும். ஜெர்மனியில் இருக்கும் சித்தி வீட்டுக்கு ஓ-பேராக வர முடியாது, சொந்தக்காரர் கூடாது.

தமிழ் ஆட்களையா? உங்கள் ஊர்க்காரர்கள்தான் எனக்குச் சோறு போட்டவர்கள். ஃப்ரைபுர்க்கில் மொழி வகுப்பும் வீடுமாக இருந்ததில் தமிழே காதில் விழவில்லை. ஹாம் நகரில் காமாட்சி அம்பாள் கோயில் இருப்பதும், கோடையில் தேர்த் திருவிழா நடப்பதும் தெரிந்ததும் காலண்டரில் எழுதிவிட்டேன். ஹாம் இருப்பது நாட்டின் இன்னொரு மூலையில். பாசஞ்சர் ரயிலிலேயே கார்ல்ஸ்ரூ, மைன்ஸ், கோப்லென்ஸ், கொலோன் என்று மாறி மாறிப் போய்ச் சேர ஒரு பகல் முழுக்க ஆகிவிடும். மைன்ஸ் தாண்டியதும் ரயில் ரைன் நதியை ஒட்டியே ஓடும், இரண்டு பக்கமும் திராட்சை மலை, உச்சியில் கோட்டை. அதிவேகப் பாதையில் போகும் ஐ.சி.இ. ரயிலில் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி கிடைக்காது. கொலோனில் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தாலே பேராலயம். அங்கேயே கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டேன்.

கோயில் இருப்பது தொழிற்பேட்டை ஓரம். 2002-ல் குடமுழுக்கு நடந்தது. லாரிகள் நிற்கும் தெருவில் திடீரென்று வண்ணக் கோபுரம். தேர் அன்று காவடி, தேங்காய் உடைக்கிற சத்தம், “பிள்ளை, சாப்பிட்டீங்களோ?” என்று ஒரு அம்மா. தீர்த்தத்துக்குப் பக்கத்தில் ஓடும் கால்வாய்க்குத்தான் போகிறார்கள். தண்ணீரில் சரக்குப் படகு வேறு போகும். 80-களில் போருக்குத் தப்பி வந்தவர்கள் கட்டிய கோயில். நான் ஆசைப்பட்டு வந்தவள், அவர்கள் வேறு வழியில்லாமல் வந்தவர்கள். அன்று அவர்களிடம் “எனக்கு ஊர் நினைப்பாக இருக்கிறது” என்று சொல்ல வாய் வரவில்லை. அவர்களே புரிந்துகொண்டு ஒரு டப்பா நிறைய வடை கட்டிக் கொடுத்தார்கள்.

கேள்வி: ஒரு வருடம் முடிந்ததும் திரும்பித்தான் வர வேண்டுமா? (வாசகர், வேலூர்)

அதே விசாவை நீட்டிக்க முடியாது. தகுதி இருந்தால் வேறு நோக்கத்துக்கு விண்ணப்பிக்கலாம்: சமூக சேவை ஆண்டு, தொழிற்பயிற்சி, படிப்பு. தொழிற்பயிற்சிக்குப் பெரும்பாலும் பி1 அல்லது பி2 என்ற நடுத்தர நிலை ஜெர்மன் கேட்பார்கள். ஓ-பேர் வருடத்திலேயே வகுப்பைத் தவறவிடாமல் போனால் பி1 எட்டும் தூரம்தான். ஊர் சுற்றுவதற்காக வகுப்புக்கு மட்டம் போடாதீர்கள், அதற்குத்தான் சனி, ஞாயிறு.

கேள்வி: நான் சைவம். அடுத்த மாதம் கிளம்புகிறேன். சூட்கேஸில் என்ன எடுத்து வைக்க? (வாசகி, பொள்ளாச்சி)

வாழ்த்துகள்! கம்பளிக் கோட்டுக்கு ஊரிலேயே காசைக் கொட்டாதீர்கள். நம் ஊரில் விற்பது இந்தக் குளிருக்குத் தாங்காது. வந்த பிறகு பழைய துணிச் சந்தையில் வாங்குங்கள். இடத்தைப் பொடிகளுக்குக் கொடுங்கள்: சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, இட்லிப் பொடி, ரசப் பொடி. இரவில் பெரும்பாலான வீடுகளில் அடுப்பே எரியாது, ரொட்டியும் சீஸும்தான். வெறும் ரொட்டியில் நல்லெண்ணெய், பருப்புப் பொடி போட்டுச் சாப்பிடப் பழகிவிடுவீர்கள். என் வீட்டுப் பெரியவனும் பழகிவிட்டான். இந்தப் பகுதியில் பருப்பும் ஸ்பெட்ஸ்லே என்ற மாவுக் கொழுக்கட்டையும் சேர்ந்த ஒரு சாப்பாடு உண்டு. பக்கத்தில் வைக்கும் சாசேஜை வேண்டாம் என்று சொல்லிவிடலாம், ஆனால் ஸ்பெட்ஸ்லே மாவில் முட்டை சேரும், முட்டை சாப்பிடாதவர் என்றால் அது உங்களுக்கு ஆகாது.

நெய், பால்கோவா, பால் பேடா கொண்டு வராதீர்கள். பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டு வரத் தடை, விமான நிலையத்தில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் கூடாது. வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை இதெல்லாம் தடை இல்லை, ஆனால் பொள்ளாச்சியிலிருந்து தேங்காய் சுமந்து வரும் வேலையும் வேண்டாம். கறிவேப்பிலையை வீட்டிலேயே நிழலில் காயவைத்துப் பொடித்து எடுத்து வாருங்கள். குக்கர் கொண்டு வருவதாக இருந்தால், முதலில் அந்த வீட்டில் இண்டக்ஷன் அடுப்பா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். அடிப்பாகம் இண்டக்ஷனுக்கு ஏற்றதாக இல்லாத அலுமினியக் குக்கர் அதில் சூடே ஆகாது.